பச்சை விளக்கு எரியும்வரை

இந்த அறையில் ஒரே ஒரு விளக்குதான் இருக்கிறது. நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள், யாரும் கவனிப்பதில்லை. அது அணைந்துபோனால் நீங்கள் எழுந்து, மேசையில் முட்டிக்கொண்டு, கதவைத் தடவிக் கண்டுபிடித்து, வெளியே இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கும். இந்த ஒலிப்பதிவுக் கருவியும் அப்படித்தான். நான் பேசி முடித்த பிறகு இது பாதியிலேயே நின்றுபோயிருந்தது என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? உங்கள் கைபேசியையும் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள், ஐயா. எனக்காக இல்லை, உங்களுக்காகத்தான். எதுவும் ஒன்றே ஒன்றாக இருப்பதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். தொழில் அப்படி.

நன்றி. இப்போது சொல்கிறேன்.

நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தது ஒரு தவறைத் திருத்துவதற்கு. என் மனைவி இறந்ததற்கு ஆக்சிஜன் இயந்திரத்தில் இருந்த பழுதுதான் காரணம் என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பிரித்துப் போட்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். பாவம், அந்த இயந்திரத்தின் மேல் ஒரு குறையும் இல்லை. என் மனைவியின் தங்கை வேறு, தான் பார்த்துக்கொண்டே நின்றதால்தான் அக்கா போய்விட்டாள் என்று அழுதுகொண்டே உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அதுவும் சரியில்லை. தவறான காரணம் எழுதப்பட்ட அறிக்கையை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் வேலை பார்க்கிற இடத்தில் அப்படி ஒன்று வந்தால் எழுதியவரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன். காரணம் தப்பாக இருந்தால் அதே கோளாறு மறுபடியும் வந்து நிற்கும்.

நான் கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறேன். ஊரில் பாதி வீடுகளுக்கு மேல் தொலைக்காட்சி, இணையம், தொலைபேசி எல்லாம் அங்கிருந்துதான் போகிறது. வரிசையாக இரும்பு அடுக்குகள், அடுக்குகளில் பெட்டிகள், பெட்டிகளுக்குள் கார்டுகள். ஜன்னல் கிடையாது. விசிறிகள் இரைந்துகொண்டே இருக்கும், குளிர் எலும்பு வரை இறங்கும். புதிதாக வருகிறவர்கள் தலைவலி என்பார்கள். எனக்கு அந்த இரைச்சல் இல்லாத இடத்தில்தான் தூக்கம் வராது.

என் பொறுப்பு ஒன்றுதான். எந்தப் பெட்டி செத்தாலும், வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறவருக்கு அது தெரியக்கூடாது. அதற்காக ஒவ்வொன்றையும் இரண்டாக வைத்திருப்போம். ஓடிக்கொண்டிருப்பது மெயின். பக்கத்திலேயே ஒன்றும் செய்யாமல் காத்திருப்பது ஸ்டாண்ட்பை. மெயின் விழுந்தால் கண் இமைக்கிற நேரத்தில் ஸ்டாண்ட்பை பொறுப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். மெயின் விழுந்தது அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வயர் போகும். அதன் வழியாக மெயின், ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். ஹார்ட்பீட் என்போம். அது கேட்கும்வரை ஸ்டாண்ட்பை கை வைக்கக்கூடாது. அது நின்றதும் கை வைத்தாக வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் இப்படி இல்லை. எல்லாரையும்போல, விளக்கு பச்சையாக எரிந்தால் சரி என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய விளையாட்டுப் போட்டி, கடைசிக் கட்டம், ஊரே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. மெயின் கருகிப்போனது. ஸ்டாண்ட்பை சொன்னபடி எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு, ஊர் முழுக்க வெறும் கறுப்புத் திரையை அனுப்பியது. மெயினில் வருடக்கணக்காகச் சேர்த்த சேனல் எதையும் யாரும் அதில் ஏற்றியிருக்கவே இல்லை. அத்தனை வருடமும் அது வெறுமனே பச்சையாக எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை. “பச்சை விளக்கு எரிஞ்சுதே சார்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதீங்க. பச்சை எரிஞ்சா அதுக்குக் கரண்ட் வருதுன்னு அர்த்தம். வேற ஒரு அர்த்தமும் இல்ல” என்றார்.

அன்றைக்குப் பட்ட அவமானத்தில்தான் நான் ஆளே மாறினேன். சோதித்துப் பார்க்காத ஸ்டாண்ட்பை, பேருக்கு இருக்கிற ஸ்டாண்ட்பை. அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சோதித்தால் பிரயோஜனம் இல்லை. சொல்லிவிட்டால் எல்லாரும் முகம் கழுவித் தலைசீவிக்கொண்டு நிற்பார்கள். பழுது சொல்லிக்கொண்டா வருகிறது? அதனால் நான் யாரிடமும் சொல்லாமல், நல்ல வேலை நேரத்தில், நேராக அடுக்கின் முன்னால் போய் நின்று ஓடுகிற கார்டையே உருவிவிடுவேன். எனக்குப் ‘பிடுங்கி’ என்று பேர் வந்தது அப்படித்தான். நான் உள்ளே நுழைந்தாலே, “பிடுங்கி வந்தாச்சு, அவங்கவங்க வயரைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க” என்று யாராவது குரல் கொடுப்பார்கள். மேலாளர்கூடச் சிரிப்பார். ஆனால் என் பொறுப்பில் இருந்த ஒன்றும் அதற்குப் பிறகு கறுப்புத் திரை காட்டியதில்லை.

உருவிய பிறகு ஒரு விதி உண்டு. ஸ்டாண்ட்பை எடுத்துக்கொள்ளும்வரை கார்டைத் திரும்பச் செருகக்கூடாது. தாமதமாகிறதே, ஊர் கத்துகிறதே என்று பதறிப்போய்ப் பாதியில் செருகிவிட்டால், ஸ்டாண்ட்பை உயிரோடு இருந்ததா இல்லையா என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். மறுபடி இன்னொரு நாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பதறாமல் நிற்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் ஒரு கோடியில் நின்று உள்ளங்கையை உயர்த்தினால் மறுகோடியில் ஓடுகிற பிள்ளைகள் அப்படியே நிற்கும். சத்தம் போடவே மாட்டாள். என்னைக் கேலி செய்வதில் மட்டும் சளைக்க மாட்டாள். வீட்டில் நான் எதையும் இரண்டாக வாங்குவதைப் பார்த்து, “நம்ம கல்யாணத்துக்கே ஒரு ஸ்டாண்ட்பை மாப்பிள்ளையைப் பக்கத்துல உட்கார வச்சிருக்கலாம். இவர் மக்கர் பண்ணினா அவர் எடுத்துக்கிட்டிருப்பார்” என்பாள். நானும் சிரிப்பேன். நான் வீட்டில் சிரித்ததெல்லாம் அவளால்தான்.

அவளுடைய நுரையீரல் இறுக ஆரம்பித்தது. மருந்து ஓரளவுக்குத்தான் கேட்கும் என்றார் மருத்துவர். முதலில் படி ஏற முடியவில்லை, பிறகு நடக்க முடியவில்லை, பிறகு கட்டிலும் மூக்கில் குழாயும் என்றாகிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம். மூலையில் சிலிண்டர். இயந்திரம் மெயின், சிலிண்டர் ஸ்டாண்ட்பை. இதை நான் சொல்ல வேண்டியதில்லை, அவளே சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் சிலிண்டர் தானாகத் திறந்துகொள்ளாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். நான் வேலைக்குப் போய்விட்டால் யார்? அவளுடைய தங்கை வந்தாள். தனியாள், ஒரு தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்காகக் கடையை விட்டுவிட்டு, தையல் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்து பக்கத்து அறையில் போட்டுக்கொண்டாள். பகல் முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். தங்கமான பெண். நான் அவளைக் குறை சொல்ல வரவில்லை.

சிலிண்டரைத் திறப்பது, குழாயை மாற்றுவது, அளவு வைப்பது, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிவிட்டுச் செய்யச் சொன்னபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். அதில் எனக்குத் திருப்தி வரவில்லை. ஏன் என்று உங்களுக்கே புரியும்.

இயந்திரத்தின் பிளக்கை நான் கைபேசியிலிருந்தே அணைக்கவும் போடவும் முடிகிற மாதிரி மாற்றியிருந்தேன். நல்ல நோக்கத்தோடுதான். இயந்திரம் சிக்கி நின்றால் வேலையிடத்திலிருந்தே ஒருமுறை அணைத்துப் போடலாம் அல்லவா? கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு கேமரா. நான் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரியும். பார்க்காதபோது அணைந்திருக்கும்.

முதல்முறை சொல்லாமல் பிளக்கை அணைத்தேன். கேமராவைத் திறக்கவில்லை. மின்சாரம் நின்றால் எழுப்புகிற எச்சரிக்கைச் சத்தத்தில் இயந்திரம் கத்தியது, கொழுந்தியாள் ஓடிவந்து சிலிண்டரைத் திறந்துவிட்டு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். நன்றாகச் செய்தாள் என்று பாராட்டினேன். அடுத்த முறை தாமதம், குளித்துக்கொண்டிருந்தேன் என்றாள். அதற்கடுத்த முறை சிலிண்டரைத் திறக்கும் முன்னாலேயே கூப்பிட்டாள்.

“மாமா, நீங்கதானே?”

“யாரா இருந்தா என்னம்மா? முதல்ல சிலிண்டரைத் திற.”

“நீங்கதான்னு சொல்லிட்டா எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும் மாமா.”

அது எனக்கு நல்லதாகப் படவில்லை. ஆள் சுணங்குகிறாள், எங்கே சுணங்குகிறாள் என்று தெரியவில்லை.

என் மனைவி அன்று மாலை நான் வந்ததும் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாகத்தான் பேசுவாள் அப்போது. “ஏங்க. உங்க ஆபீஸ் பெட்டிக்கு வலிக்காது. எனக்கு வலிக்குது” என்றாள். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துகொண்டு கிடப்பதைப்போல இருக்கிறது என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்து, உனக்காகத்தான் செய்கிறேன், நாளைக்கு எனக்கே ஏதாவது ஆகிவிட்டால் உனக்கு யார் என்று கேட்டேன். அதன் பிறகு அவள் இயந்திரத்தின் வயரை உள்ளங்கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். பிளக்கை அணைப்பதற்கு வயரைத் தொட வேண்டியதே இல்லை என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. அதில் ஓர் ஆறுதல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

நடுவில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். நான் வீட்டில் இருக்கும்போது நிஜமாகவே மின்சாரம் போனது. நான் இயந்திரத்தை இன்வெர்ட்டருக்கு மாற்ற ஓடினேன். கொழுந்தியாளும் ஓடிவந்து குழாயை உருவி சிலிண்டரில் மாட்டப் போனாள். நான் இந்தப் பக்கம் இழுக்க, அவள் அந்தப் பக்கம் இழுக்க, குழாய் நழுவிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து தேடி எடுப்பதற்குள் என் மனைவியின் உதடு நீலமாகிவிட்டது. எங்கள் தொழிலிலேயே இதைவிடப் பயங்கரம் கிடையாது. இரண்டு பெட்டிகளும் நான்தான் மெயின், நான்தான் மெயின் என்று ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்து ஊரையே கலங்கடித்துவிடும். எனக்கு அப்போது வந்த கோபத்தில் கொஞ்சம் உரக்கப் பேசிவிட்டேன்.

“நான் இருக்கும்போது நீ ஏன் கை வைக்கிறே?”

“அக்கா முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி மாமா சும்மா நிக்கிறது?”

“நிக்கணும். நான் இருக்கேன்னா நான் பார்த்துக்குவேன்னு அர்த்தம். ரெண்டு பேரும் கை வச்சா ஒருத்தரும் இல்லாததைவிட மோசம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க வேலைக்குப் போயிருக்கும்போது?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் சுவரைக் காட்டினேன்.

“அந்தப் பச்சை விளக்கு எரிஞ்சா நான் இங்க இருக்கிற மாதிரி. பிளக் என் கையில இருக்கு, நீ தொடாதே. அணைஞ்சிருந்தா நீதான் எல்லாம். புரிஞ்சுதா?”

புரிந்தது என்றாள். கட்டிலிலிருந்து என் மனைவியும், “எனக்கும் புரிஞ்சுது சார்” என்றாள், பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல. மூவரும் சிரித்தோம். உதட்டில் அந்த நீலம் அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பிற்பகல். கட்டுப்பாட்டு அறையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எனக்குக் கொழுந்தியாளைப் பற்றிய கவலை போகவில்லை. எங்கே சுணங்குகிறாள் என்று இந்த முறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. கைபேசியில் கேமராவைத் திறந்தேன். என் மனைவிக்கு முந்தின நாளிலிருந்து காய்ச்சல். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டேன். தள்ளிப்போடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பழுது, காய்ச்சல் விடட்டும் என்று காத்திருக்காது.

அவள் தலையணையில் சாய்ந்து முடியை ஒரு பக்கமாக எடுத்துப் பின்னிக்கொண்டிருந்தாள். பச்சை விளக்கு எரிந்ததைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. “சாப்பிட்டாச்சா?” என்று கேமராவைப் பார்த்துக் கேட்டாள். எங்கள் வீட்டுக் கேமராவில் பேசவும் முடியும். நான் பதில் சொல்லவில்லை. சோதனைக்கு முன்னால் பேச்சுக் கொடுக்கக்கூடாது. பக்கத்து அறையில் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. பிளக்கை அணைத்தேன்.

இயந்திரம் கத்த ஆரம்பித்தது. தையல் சத்தம் நின்றது. கொழுந்தியாள் கதவருகில் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா, கையில் பாதி தைத்த ஒரு சட்டைக் கை. சுணக்கமே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. மூலையில் இருந்த சிலிண்டரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் ஏன் நிற்கிறாள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. பச்சை விளக்கு எரிகிறது. நான் அங்கே இருக்கிறேன். மெயினைப் பிடுங்கிவிட்டு ஹார்ட்பீட் வயரைச் செருகியே விட்டுவிட்டேன். எங்கள் அறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே கற்றுக் கொடுக்கிற பாடம் இது. அதை மறந்தது, அவள் எங்கே சுணங்குகிறாள் என்று பார்க்க வேண்டும் என்ற ஆசையால்தான்.

உங்கள் முகம் மாறுகிறது. இதுதான் நடந்ததா, மறதியா என்று நினைக்கிறீர்கள். இல்லை, ஐயா. மறதி ஒரு கணம்தான். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கேமராவை மூடினால் விளக்கு அணையும், அவள் பாய்ந்து சிலிண்டரைத் திறப்பாள். அல்லது பிளக்கைத் திரும்பப் போட்டால் இயந்திரம் ஓடும். இரண்டு வழிகள் இருந்தன. இரண்டும் என் கட்டைவிரலுக்கு எட்டும் தூரத்தில். நான் இரண்டையும் எடுக்கவில்லை.

கேமராவை மூடினால் எதையும் பார்க்க முடியாது. பிளக்கைப் போட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண், இன்னொரு நாள் என் மனைவி மறுபடி முதலிலிருந்து பட வேண்டும். அதை அவளுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. தவிர, கொழுந்தியாள் பெட்டி இல்லையே. கண் இருக்கிறது, அக்கா முகம் தெரிகிறது. நான் போட்ட விதியை அவளாக மீறுவாளா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அது தெரிந்துவிட்டால் என் கவலை தீர்ந்துவிடும். அதனால் காத்திருந்தேன். அவள் எனக்காகக் காத்திருந்தாள். நான் அவளுக்காகக் காத்திருந்தேன். நடுவில் என் மனைவி கிடந்தாள்.

கொழுந்தியாள் மீறினாள். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கேமராவைப் பார்த்து, “மாமா, போடுங்க மாமா” என்று ஒருமுறை சொன்னாள், பிறகு சட்டைக் கையைக் கீழே போட்டுவிட்டுச் சிலிண்டரை நோக்கி அடி எடுத்து வைத்தாள். அவளை நிறுத்தியது நான் இல்லை. என் மனைவி. மைதானத்தில் பிள்ளைகளை நிறுத்துவாளே, அதேபோல உள்ளங்கையை உயர்த்தினாள். தங்கை நின்றாள். யாராக இருந்தாலும் நின்றிருப்பார்கள்.

“பொறு” என்றாள். “அவர் பார்த்துக்கிட்டுதான் இருக்கார்.”

பிறகு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்தது, தூங்குகிற பிள்ளையின் கை சரிவதைப்போல. அதன் பிறகுதான் அவள் தங்கை அலறிக்கொண்டு ஓடினாள். சிலிண்டரைச் சரியாகத்தான் திறந்தாள். குழாயையும் சரியாக மாட்டினாள். நானும் அப்போது பிளக்கைப் போட்டேன். போட்ட மறுகணமே இயந்திரம் சீராக ஓடியது. அதனால்தான் முதலிலேயே சொன்னேன், அதன் மேல் ஒரு குறையும் இல்லை.

நான் வீட்டுக்கு ஓடிப்போனபோது கொழுந்தியாள் அக்காவின் பாதிப் பின்னலைப் பின்னி முடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “மாமா, நீங்கதானே அணைச்சீங்க?” என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததை இல்லை என்று எடுத்துக்கொண்டாள்போலிருக்கிறது. “அப்போ நிஜமாவே நின்னுபோச்சா? நான்தான் நின்னு பார்த்துக்கிட்டே இருந்துட்டேனா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். துக்க வீட்டில் அதெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மறுபடி வேலைக்குப் போகிறேன். வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, நீங்கள் மேலாளரைக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் ஓர் அடுக்கிலிருந்து வரும் எச்சரிக்கைச் சத்தம் அந்த இயந்திரத்தின் சத்தம் மாதிரியே இருக்கிறது. இத்தனை வருடம் எனக்கு அது தோன்றியதில்லை. அது கத்தும்போதெல்லாம் விசிறிகளின் இரைச்சலுக்குள்ளிருந்து ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்கிறது. திரும்பிப் பார்ப்பேன். அடுக்குகள்தான் நிற்கும். பயமாக இருக்கிறது, ஐயா. சொல்வதற்கு வெட்கமாகவும் இருக்கிறது.

பகலில் கேமராவைத் திறந்து பார்க்கிறேன். பழக்கம். கட்டிலில் யாரும் இல்லை, உறையை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், இயந்திரம் இருந்த இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிகிறது. சில சமயம் தலையணைக்கு மேல் ஓர் உள்ளங்கை உயர்ந்து நிற்கிறது. திரையில் நின்ற படத்தின் நிழல் கொஞ்ச நேரம் தங்கும், அது எங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இத்தனை நாள் தங்குமா என்றுதான் தெரியவில்லை.

நான் கேமராவைத் திறந்ததும் பக்கத்து அறையில் தையல் சத்தம் நிற்கிறது. அவளுக்கு எப்படித் தெரிகிறதோ. கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கதவருகில் நிற்கிறாள். பச்சை விளக்கைப் பார்க்கிறாள். உள்ளே வருவதில்லை. நான் அணைக்கும்வரை அப்படியே நிற்கிறாள். நேற்று மட்டும் வாய் திறந்தாள். “மாமா, அணைச்சிடுங்க மாமா. நான் உள்ள போய் அக்கா துணியெல்லாம் எடுத்து வைக்கணும்” என்றாள். எனக்குக் கை வரவில்லை. அணைத்துவிட்டால் அந்த அறையில் யாரும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்களே. அவளை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டேன். அதனால்தான் இன்று உங்களிடம் வந்தேன். அவள் அப்படி நிற்பது என்னால் தாங்க முடியவில்லை. அவளிடம் சொல்லுங்கள், நிஜமாக நின்றுபோகவில்லை, மாமாதான் அணைத்தார், மாமாதான் போடவில்லை என்று. அவள் கேட்டது சரிதான்.

நான் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். உங்கள் சட்டத்துக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கும். ஆனால் கோளாறுக்குக் காரணம் என்ற இடத்தில் மட்டும் சரியானதை எழுதுங்கள். நான் அதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இயந்திரம் சரி. சிலிண்டர் சரி. கொழுந்தியாள் சரி, அவள் விதியை மீறி அடி எடுத்து வைத்தாள். என் சோதனையும் முறைப்படிதான் நடந்தது. உயர்ந்த அந்தக் கை ஒன்றுதான் கணக்கில் இல்லாதது. இத்தனை வருடம் என்னோடு வாழ்ந்தும், இவ்வளவு சொல்லிக் கொடுத்தும், இரண்டாவது என்று ஒன்றை அவள் வைத்துக்கொள்ளவே இல்லை. என்னை மட்டும் நம்பினாள். குறை என்று சொன்னால் அவளிடம் அது ஒன்றுதான்.